மூன்று மாதத்தில் ஆளே மாறிவிடும் ஆலையில் எச்.ஆர். தலைமை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: சென்னை அருகே ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாக ஆலை. மொத்தம் 620 பேர். பர்மனென்ட் 140, பெரும்பாலும் 45 வயதைத் தாண்டியவர்கள். ஃபிக்சட் டேர்ம் (குறிப்பிட்ட காலத்துக்கு ஆலையே நேரடியாக எடுத்தவர்கள்) 60, அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) 90, காண்ட்ராக்ட் 330. காண்ட்ராக்டில் முக்கால்வாசி பீகார், ஒடிசா, அசாம். மாதம் 50 பேர் போகிறார்கள், 50 பேர் வருகிறார்கள். கேட்பவர் புதிதாக எச்.ஆர். (மனிதவளம்) தலைமைப் பொறுப்புக்கு வந்திருக்கிறார். நிர்வாகம் "ஆளைத் தக்கவையுங்கள்" என்கிறது. கூடவே புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். எதை முதலில் பிடிப்பது?

முதலில் அந்த 50-ஐ உடையுங்கள். மாதம் 50 பேர் என்றால் 8 சதவீதம். வருடக் கணக்கில் ஏறக்குறைய மொத்த ஆலையும் மாறிவிட்டது போலத் தெரியும். ஆனால் உங்கள் 140 பர்மனென்ட் ஆட்கள் எங்கேயும் போகவில்லை. காண்ட்ராக்டிலும் இரண்டு மூன்று வருடமாக நிற்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். உண்மையில் நடப்பது இதுதான்: ஒரே 80, 100 இடங்கள் வருடத்தில் ஆறு ஏழு தடவை காலியாகின்றன. மாதாந்திர அட்ரிஷன் (விலகுவோர்) சதவீதம் இதை மூடி மறைக்கும். எம்.டி. மீட்டிங்கில் காட்ட அழகான எண், அவ்வளவுதான்.

கடந்த ஆறு மாதத்தில் விலகிய அத்தனை பேரையும் ஒரு எக்செல் தாளில் எடுங்கள். சேர்ந்த தேதி, கடைசியாகப் பஞ்ச் அடித்த தேதி, லைன், ஷிஃப்ட், சூப்பர்வைசர் பெயர், காண்ட்ராக்டர், ஊர், தங்கும் அறை. ஏழு நாளுக்குள் போனவர்கள், 8 முதல் 30 நாள், 31 முதல் 90, அதற்கு மேல் என்று நாலாகப் பிரியுங்கள். காரணம் என்ற பத்தியே வேண்டாம். "சொந்தக் காரணம்", "ஊரில் விசேஷம்" என்றுதான் அதில் இருக்கும். எழுதியது ரிலீவிங் படிவத்தை நிரப்பிய கிளார்க்.

ஏழு நாளுக்குள் ஓடியவர் சொல்லும் செய்தி: ஊரில் சொன்னதும் இங்கே பார்த்ததும் வேறு. ஆளெடுத்த தரகர் "சம்பளம் 20,000, ரூம் ஃப்ரீ, உட்கார்ந்து செய்யும் வேலை" என்றிருப்பார். வந்தால் எட்டு மணி நேரம் நின்று பார்க்க வேண்டிய பிரஸ் மெஷின். 8 முதல் 30 நாளில் போகிறவருக்குப் பெரும்பாலும் சூப்பர்வைசர் பிரச்சினை, அல்லது முதல் சம்பளம். 31 முதல் 90-ல் பக்கத்து கம்பெனியின் கூடுதல் கூலியும் ஓ.டி.யும் (மிகைநேர வேலை) இழுக்கும். 90-க்கு மேல் நின்றவர் போனால் அது பெரும்பாலும் பண்டிகை, அறுவடை, கல்யாணம். இவரைத் திரும்ப வரவழைக்க முடியும். நாலுக்கும் நாலு மருந்து. எல்லோருக்கும் சேர்த்து "அட்டெண்டன்ஸ் போனஸ் 1,000" அறிவித்தால், எப்படியும் இருந்திருக்கக்கூடியவர்களுக்குத்தான் அந்தப் பணம் போகும்.

முதல் சம்பளத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். இங்கேதான் அதிகம் கசிகிறது. ஒருவர் 11-ம் தேதி சேர்கிறார். வருகைக் கணக்கு 25-ம் தேதியோடு முடிகிறது. அதற்குள் 13 நாள் வேலை. நாள் கூலி 560 என்று வைத்துக்கொள்வோம்: 7,280 ரூபாய். பி.எஃப். 12 சதவீதம் 874. ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 55. மெஸ் 1,300, அறை 700, யூனிஃபார்ம் ஷூ 900, வந்த அன்று வாங்கிய முன்பணம் 1,000. கையில் வருவது 2,451. அதுவும் அடுத்த மாதம் 7-ம் தேதி, சேர்ந்து நாலு வாரம் ஆன பிறகு. அந்தப் பையன் ஊருக்கு 8,000 அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தவன். அன்று சாயங்காலமே பையைக் கட்டுவான். உங்கள் பதிவேட்டில் "தகவலின்றி வரவில்லை" என்று விழும்.

இதில் மனவருத்தம் மட்டுமல்ல, சட்டப் பிழையும் இருக்கிறது. மொத்தப் பிடித்தம் அந்தக் காலக் கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது; மேலே சொன்ன கணக்கில் பிடித்தது 4,829, அதாவது 66 சதவீதம். யூனிஃபார்மையும் பாதுகாப்பு ஷூவையும் கூலியில் பிடிப்பதே தப்பு. அது நிர்வாகச் செலவு. காண்ட்ராக்டர் செய்ததுதான் என்று ஒதுங்க வழியில்லை. அவர் கூலி கொடுக்காமல் விட்டாலோ குறைத்துக் கொடுத்தாலோ பொறுப்பு முதன்மை உரிமையாளரான உங்கள் தலையில்தான் விழும்.

சரிசெய்வது பெரிய வித்தையல்ல. சேரும் அன்றே அவருடைய சேர்ந்த தேதியை வைத்து ஒரு மாதிரி சம்பள ரசீது போட்டு, "முதல் மாதம் இவ்வளவுதான் வரும், இரண்டாம் மாதம் இவ்வளவு" என்று அவர் மொழியில் காட்டுங்கள். முதல் மாதத்துக்கு மட்டும் வாரா வாரம் ஒரு தொகை கொடுங்கள். முன்பணத்தை ஒரே மாதத்தில் பிடிக்காமல் மூன்று தவணையாக்குங்கள். தரகர் சொல்லிக் கூட்டி வருவதற்குப் பதில், கையில் வரும் தொகை, அறையில் எத்தனை பேர், நின்று செய்யும் வேலையா, எந்த ஷிஃப்ட் என்பதை ஒன்றரை நிமிடக் குரல் பதிவாக இந்தியிலும் ஒடியாவிலும் அசாமியிலும் பேசி வாட்ஸாப்பில் ஊருக்கே அனுப்பிவிடலாம். ரயிலேறும் முன் அதைக் கேட்டவர் எண்ணிக்கையில் குறைவாக வருவார், வந்தவர் நிற்பார். ஆளெடுப்பு எண்ணிக்கை முதல் இரண்டு மாதம் சரியும் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சேர்க்கும்போது இன்னொரு கேள்வியையும் கட்டாயம் கேளுங்கள்: "இந்த வேலைக்காக யாருக்காவது பணம் கொடுத்தாயா?" அசல் ஆதாரை, ஏ.டி.எம். கார்டை யாராவது வாங்கி வைத்திருக்கிறார்களா என்றும். ஏற்றுமதி வாடிக்கையாளர்களின் ஆடிட்டில் இவையெல்லாம் கட்டாய உழைப்பின் அறிகுறிகளாக எடுத்துக்கொள்ளப்படும். காண்ட்ராக்டர் முன்னிலையில் கேட்டால் பதில் வராது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சூப்பர்வைசர். உங்கள் தாளை சூப்பர்வைசர் வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே கூலி, ஒரே மெஸ், ஒரே மாதிரி மெஷின், ஆனாலும் ஒரு லைனில் 30 நாளுக்குள் போனவர்கள் மூன்று பேர், பக்கத்து லைனில் 14 பேர் என்று வரும். அந்த வித்தியாசம்தான் நீங்கள் மாற்றக்கூடியது. இந்தப் பதவிக்கு வருபவர் யார்? நன்றாக வேலை செய்த ஆபரேட்டர், 24, 25 வயது, டிப்ளமோ. ஒருநாள் திடீரென்று கையில் நோட்டைக் கொடுத்து 30 பேரைப் பார்த்துக்கொள் என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தன்னை யார் எப்படி விரட்டினார்களோ அப்படி விரட்டுவது. "இஷ்டம்னா இரு, இல்லன்னா கிளம்பு" என்ற வாசகம் தமிழ் தெரியாதவருக்கும் குரலிலேயே புரிந்துவிடும்.

இவர்களுக்கு இரண்டு நாள் ஹோட்டலில் தலைமைப் பண்புப் பயிற்சி வைப்பதில் பயனில்லை. வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், ஆறு வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு சங்கதி. புதியவரின் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன சொல்வது. தப்புப் பீஸ் வந்தால் எப்படிக் கேட்பது. பர்மிஷன் கேட்டால் யார் எப்போது பதில் சொல்வது. கழிவறைக்குப் போக மாற்று ஆள் எப்படி விடுவது (சின்ன விஷயம் போலத் தெரியும், லைனில் நிற்பவருக்கு இதுதான் முதல் அவமானம்). ஓ.டி.யை யாருக்கு, எந்த வரிசையில் கொடுப்பது. கை கலப்போ காயமோ நடந்தால் முதல் பத்து நிமிடம். இவற்றோடு வேலைக்கு வேண்டிய 40 இந்திச் சொற்கள் போதும், இலக்கணம் தேவையில்லை. முப்பது பேரில் யார் புதியவர் என்று தெரிய முதல் மாதம் வேறு நிறத் தொப்பி கொடுப்பது பழைய உத்தி, இன்றும் வேலை செய்கிறது. ஒரு லைன் லீடருக்கு 12 முதல் 15 பேர் இருந்தால் பார்த்துக்கொள்ள முடியும். முப்பது என்றால் தலையை எண்ணத்தான் முடியும்.

அடுத்து, ஒரே ஆலைக்குள் இருக்கும் வேறு வேறு காலண்டர்கள். உள்ளூர் பையனுக்குப் பொங்கல், தீபாவளி, ஆடி மாதக் கோயில் திருவிழா. பீகார்காரருக்கு ஹோலியும் சட் பூஜையும். சட் தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும், ஆகவே தீபாவளிக்குப் போனவர் சட் முடியாமல் திரும்பமாட்டார். அசாமுக்கு ஏப்ரல் நடுவில் பிகு. ஒடிசாவுக்கு ஜூனில் ரஜோ, மேற்கு ஒடிசா என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் நுவாகாய். வடக்கே கோதுமை அறுப்பு, நடவு. சொந்த மாநிலத்தில் தேர்தல் வந்தால் அதுவும். இத்தனையும் முன்கூட்டியே தெரிந்த தேதிகள். ஆனால் பல ஆலைகளில் நவம்பர் மாதம் வந்ததும் "திடீரென்று ஆள் இல்லை" என்று கூச்சல் போடுகிறார்கள்.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. உங்கள் லீவு திட்டத்தை அதோடு கட்டுங்கள். பண்டிகைக்கு 75 நாள் முன்பே லீவு கேட்புப் பட்டியல் எடுங்கள். 65-ம் நாளில் இரண்டு அணியாகப் பிரித்து யார் எந்த வாரம் என்று முடிவு சொல்லுங்கள். 60-ம் நாள் காலை முன்பதிவு திறக்கும்போது கோரமண்டல், கங்கா காவேரி போன்ற வண்டிகளுக்குப் போக வர டிக்கெட் போட கம்ப்யூட்டரில் ஒரு ஆளை உட்கார வையுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருப்பவர் திரும்பி வருவார். ஒருவழி டிக்கெட்டில், அதுவும் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு போனவர் திரும்பும்போது எந்த ஊர் வேலைக்கு யார் கூப்பிடுகிறார்களோ அங்கே இறங்குவார். புதிய சட்டத் தொகுப்பில் தகுதியுள்ள வெளிமாநிலத் தொழிலாளருக்கு ஊர் போய்வரப் பயணப்படி கொடுக்க வேண்டும். எப்படியும் கொடுக்க வேண்டிய பணத்தைத் திரும்பும் டிக்கெட்டாகக் கொடுத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டின் 1958-ம் வருடத்து விடுமுறைச் சட்டப்படி நாலு தேசிய நாட்கள் போக மீதி ஐந்து விடுமுறையைத் தொழிலாளர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசுவது யாரோடு? வழக்கமாகப் பர்மனென்ட் சங்கத்தோடு மட்டும். அந்த மேஜையில் ஒரு பீகார்காரரும் ஒரு அசாம்காரரும் உட்கார்ந்தால் விவாதமே மாறும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு ஷிஃப்டுக்கு ரொட்டி சாப்பிடும் வெளிமாநிலத்தவர் 110 பேர், ஆளுக்கு ஐந்து ரொட்டி என்றால் 550 ரொட்டி. ஒன்றுக்கு 30 கிராம் மாவு வைத்தால் 16, 17 கிலோ. கல்லில் கையால் சுட்டு ஓயாது, ஆகவே மாலை நாலு மணிக்கே சுட்டு அடுக்கிவிடுவார்கள். இரவு பத்து மணிக்கு அது தோல் மாதிரி இழுக்கும். ரொட்டி மெஷின் வாங்குவது மெஸ் காண்ட்ராக்டர் வேலை என்று தள்ளாமல் ஆலையே வாங்கிவிடுவது நல்லது. பருப்பில் புளி விடாமல் ஒரு பாத்திரம் தனியாக வையுங்கள். அசாம், ஒடிசாக்காரர்களுக்கு ரொட்டியே வேண்டாம், சோறுதான் வேண்டும். "வடமாநிலத்தவர்" என்று ஒரே சொல்லில் கட்டினால் இதெல்லாம் தெரியாமல் போய்விடும். வாரத்தில் ஒருநாள் மூன்றாம் ஷிஃப்டில் போய் அங்கேயே தட்டு எடுத்துச் சாப்பிடுங்கள். அறைக்கும் போங்கள். ஒரே கட்டிலை இரண்டு ஷிஃப்ட்காரர் மாற்றி மாற்றிப் படுக்கிறார்களா என்று பாருங்கள். பகலில் தூங்க முடியாதவர் இரவு பிரஸ்ஸில் விரலைக் கொடுப்பார்.

வதந்திக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டார மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நச்சானதும் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மருத்துவமனைக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத இடைவெளியில், இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியதுதான் கோபத்தைப் பற்றவைத்தது. 2023 மார்ச் தொடக்கத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் சுற்றியபோது திருப்பூரிலிருந்து கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்கள். இரண்டிலும் ஒரே பாடம்: நெருக்கடி வந்த பிறகு புதிதாக நம்பிக்கையான குரலைத் தேட முடியாது. இப்போதே ஒவ்வொரு மொழிக்கும் தொழிலாளர்கள் மதிக்கும் இருவரை அடையாளம் கண்டு, அவர்கள் உங்களுக்கு இரவு ஒரு மணிக்கும் போன் செய்யலாம் என்று சொல்லிவையுங்கள். அந்த இருவரைக் காண்ட்ராக்டர் தேர்ந்தெடுக்கக்கூடாது.

சட்டப் பக்கம் வருவோம். மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாலும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில். எல்லாவற்றையும் இங்கே எழுத இடமில்லை. உங்கள் ஆலையின் கட்டமைப்பையே அசைப்பவை மட்டும்.

காண்ட்ராக்ட் 330 பேரில் எத்தனை பேர் பிரஸ்ஸிலும் அசெம்பிளியிலும் நிற்கிறார்கள்? அந்த நாலில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின்படி மையமான வேலைகளில் காண்ட்ராக்ட் ஆள் கூடாது. கேன்டீன், செக்யூரிட்டி, துப்புரவு, ஏற்றி இறக்குவது போன்றவை மையமானவையாகக் கருதப்படமாட்டா. திடீர் ஆர்டர் பெருக்கம் மாதிரி விதிவிலக்குகள் உண்டு, ஆனால் மூன்று வருடமாக நீடிக்கும் பெருக்கத்தைத் திடீர் என்று யாரும் ஏற்கமாட்டார்கள். லைனில் நிற்பவர்களைக் கட்டம் கட்டமாக ஃபிக்சட் டேர்முக்கு மாற்றுவதுதான் பலரும் எடுக்கும் பாதை. அதற்கும் விலை இருக்கிறது: ஃபிக்சட் டேர்ம் ஊழியருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. கணக்கு, மாதக் கூலி பெருக்கல் 15 வகுத்தல் 26. கூலி 15,000 என்றால் வருடத்துக்கு 8,654; உங்கள் 60 பேருக்கு ஏறக்குறைய 5.2 லட்சம். 200 பேரை மாற்றினால் இன்னும் 17 லட்சம் வருடா வருடம் ஒதுக்க வேண்டும். இதை நிதித் துறைக்கு இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். காண்ட்ராக்டருக்குப் போகும் கமிஷன் மிச்சமாவதையும் அதே தாளில் காட்டுங்கள்.

ஃபிக்சட் டேர்மில் இன்னொரு முள். தமிழ்நாட்டின் 1981-ம் வருடச் சட்டம், 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர் பணி செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. வாரவிடுமுறையும் கணக்கில் சேரும் என்று எடுத்துக்கொண்டால் அது 16-வது மாதத்திலேயே வந்துவிடும். மத்தியச் சட்டத்தின் ஃபிக்சட் டேர்மும் இந்த மாநிலச் சட்டமும் உரசும் இடம் இது. 470-ம் நாள் ஆளை நிறுத்திப் பத்து நாள் கழித்து வேறு டோக்கன் எண்ணில் எடுப்பது பல இடங்களில் பார்க்கும் பழக்கம்; தொழிலாளி குற்றமில்லாத இடைவெளியால் தொடர்ச்சி அறுபடாது என்று அந்தச் சட்டமே சொல்வதால் நீதிமன்றத்தில் அது நிற்பது கடினம். ஒவ்வொருவருக்கும் 12-வது மாதத்தில் ஒரு அலாரம் வைத்து, நிரந்தரமா இல்லையா என்று அப்போதே முடிவெடுங்கள்.

அப்ரன்டிஸ் 90 என்கிறீர்கள். மேல்வரம்பு மொத்த ஆள்பலத்தில் 15 சதவீதம். அப்ரன்டிஸைத் தவிர்த்த 530-க்கு அது 79-தான். பெயருக்கு அப்ரன்டிஸ், ஒப்பந்தம் அரசின் போர்ட்டலில் பதியாமல் லைனில் முழு உற்பத்தி என்றால் அவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பாக்கி வட்டியோடு வரும். முதல் வாரத்திலேயே இதைச் சரிபாருங்கள்.

கூலியின் புதிய வரையறையைப் பற்றி, அதாவது பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு எதையெல்லாம் கூலியாகக் கணக்கிடுவது என்பதைப் பற்றி, அதிகம் பயமுறுத்துகிறார்கள். தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியே அடிப்படையும் பஞ்சப்படியுமாக இருப்பதால் பெரிய மாற்றம் வராது. அடி விழுவது சூப்பர்வைசர், இன்ஜினியர் மட்டத்தில். மொத்தம் 30,000, அடிப்படை 10,000, வீட்டு வாடகைப்படி 8,000, போக்குவரத்து 4,000, சிறப்புப்படி 8,000 என்று வைத்தால், வாடகைப்படியும் போக்குவரத்தும்தான் கூலியில் சேராத விலக்கில் வரும். சிறப்புப்படி கூலியோடு சேர்ந்து 18,000 ஆகும். விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் கூலியில் சேரும். ஆக கிராஜுவிட்டி வருடத்துக்கு 5,769-லிருந்து 10,385. பி.எஃப்.பை 15,000 உச்சவரம்போடு நிறுத்தியவர்களுக்கும் இதுவரை 10,000-க்குக் கட்டியது 15,000-க்கு ஏறும்; கையில் 600 குறையும். சம்பள ரசீதில் அது தெரிவதற்கு முன் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

விலகியவருக்குச் செட்டில்மென்ட் இரண்டு வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். மாதம் 50 பேர் போகும் ஆலையில் இது தினசரி வேலை. "அடுத்த மாதம் 7-ம் தேதி வந்து வாங்கிக்கொள்" என்ற பழக்கத்தை நிறுத்தாவிட்டால் ஒவ்வொரு விலகலும் ஒரு புகார். நல்ல விதமாகப் பணம் வாங்கிப் போனவர் அடுத்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவார் என்பது வேறு லாபம்.

பி.எஃப். பதிவில் மூன்று இடத்தில் சிக்கும். ஆதாரில் "முகமது", வங்கியில் "எம்.டி.", பழைய பி.எஃப். கணக்கில் வேறு எழுத்து. அல்லது பழைய யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருப்பதையே அவர் சொல்லாமல் இருப்பார், ஏனென்றால் அந்த எண்ணை முந்தைய காண்ட்ராக்டர் அவருக்குச் சொன்னதே இல்லை. அல்லது முந்தைய இடத்தில் வெளியேறிய தேதி போடாமல் விட்டிருப்பார்கள். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்தால் தொழிலாளியே அதைப் பதியலாம், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள்தான் வேண்டும். இதற்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு மேஜை போடுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் ஒன்று நினைவிருக்கட்டும்: சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற அந்த அரையாண்டு முடியும்வரை சந்தா தொடர வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு, மனைவியின் பிரசவத்தின்போது கார்டு செல்லவில்லை என்று வந்து நிற்பவரிடம் சொல்லப் பதில் இருக்காது.

மாதம் ஒருமுறை மூன்று பட்டியல்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்: கேட்டில் பஞ்ச் அடித்தவர்கள், காண்ட்ராக்டர் வங்கியில் கூலி போட்டவர்கள், பி.எஃப். சலானில் உள்ள பெயர்கள். சலான் தொகை சரியாக இருக்கும். பெயர்கள் வேறு ஆலையில் வேலை செய்கிறவர்களுடையதாக இருக்கும். தொகையை மட்டும் பார்த்து பில் பாஸ் செய்கிற அக்கவுண்ட்ஸ்தான் இதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

இனி அந்த 140 பேர். எல்லோரும் வருகிறவரைப் பற்றியே பேசும்போது இவர்கள் மறந்துபோவார்கள். டை செட்டிங், டூல் கிரைண்டிங், ஒரு மெஷின் சத்தம் மாறினாலே பேரிங் போகிறது என்று கண்டுபிடிக்கிற காது, எல்லாம் இவர்களிடம். பத்து வருடத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடும். யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு திறன் அட்டவணை போடுங்கள்: தெரியாது, கூட நின்றால் செய்வார், தனியாகச் செய்வார், சொல்லிக்கொடுப்பார். கடைசிக் கட்டத்தில் ஒருவர் மட்டுமே இருக்கும் வேலைகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அங்கே முதலில் ஆளை அமர்த்துங்கள்.

ஆனால் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் இவர்கள் கை இறுகும், அதில் நியாயமும் இருக்கிறது. வித்தையைக் கொடுத்துவிட்டால் நாளை வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) நீட்டுவார்கள் என்ற பயம், ஓ.டி. போய்விடும் என்ற கணக்கு. ஆகவே பயிற்சியாளர் படி என்று தனியாக ஒரு தொகை, கற்றவர் தேறிய அன்றுதான் முழுத் தொகை, கற்பித்ததால் யார் வேலையும் போகாது என்று சங்கத்தோடு எழுத்தில் ஒரு ஒப்பந்தம். கையேடு எழுதச் சொல்லாதீர்கள். மூன்று நிமிட வீடியோ, அவர் குரலிலேயே, மெஷின் அருகே க்யூ.ஆர். ஒட்டினால் போதும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வருடாந்திர இலவச உடல் பரிசோதனை இப்போது சட்டக் கடமை. அதன் முடிவைப் பார்த்து முட்டி தேய்ந்தவரை நின்று செய்யும் வேலையிலிருந்து பயிற்சி வேலைக்கு மாற்றினால் இரண்டு காரியமும் கைகூடும்.

இவர்களோடு பேசும் வழி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய சாம்சங் ஆலை வேலைநிறுத்தம் 37 நாள் நீண்டது. கூலியோடு சங்க அங்கீகாரமும் அதில் மையக் கோரிக்கை. புதிய தொகுப்பில் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர்க் குழு, நூறு பேர் இருந்தால் பணிக் குழு. இவற்றை நிர்வாகத்தின் செல்லப்பிள்ளைகளால் நிரப்பினால் குழு இருக்கும், செய்தி வராது. கூட்டக் குறிப்பில் "நடவடிக்கை முடிந்தது" என்ற வரியில் தேதி இருக்கிறதா என்பது ஒரு எளிய சோதனை.

"பெண்களை எடுத்தால் பிரச்சினை தீரும்" என்று நிர்வாகத்தில் யாராவது சொல்வார்கள். எடுக்கலாம், ஆனால் இரவு ஷிஃப்டுக்கு அவர்களின் ஒப்புதல், வீட்டு வாசல்வரை வண்டி, பாலியல் தொல்லை பற்றிக் காண்ட்ராக்ட் பெண்களும் அணுகக்கூடிய உள்புகார்க் குழு, குழந்தைக் காப்பகம், போதுமான கழிவறை, இவை தயாரான பிறகு. இவை இல்லாமல் எடுத்தால் மேலே சொன்ன ஏழு நாள் பட்டியல்தான் இன்னும் நீளும்.

உள்ளூர் இளைஞரைப் பற்றி ஒரு சொல். அவருக்குப் போட்டி பக்கத்து ஆலை அல்ல, பைக்கில் உணவு டெலிவரி. அங்கே மேலே நின்று கத்த ஆள் இல்லை, பணமும் மாதக் கடைசிவரை காக்க வைக்காது. ஓ.டி. போட்டால் மகிழ்வார் என்று நினைக்காதீர்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் வெளிமாநிலத்தவர்தான் ஓ.டி. கேட்பார், உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பையன் கேட்கமாட்டான். இருவரையும் ஒரே லைனில் கட்டாய ஓ.டி.யில் நிறுத்தினால் ஒருவர் போவார். நாலு வாரத்துக்கு ஷிஃப்ட் பட்டியலை முன்கூட்டியே ஒட்டுவதும், ஓ.டி.க்குப் பெயர் கொடுப்பவருக்கு மட்டும் ஓ.டி. கொடுப்பதும் காசில்லாத மருந்து.

எம்.டி.யிடம் போகும்போது சதவீதத்தோடு போகாதீர்கள். ஒருவர் 30 நாளுக்குள் போனால் என்ன செலவு என்று போடுங்கள். உதாரணத்துக்கு, தரகர் கமிஷன் 2,000, யூனிஃபார்ம் ஷூ 1,800, மருத்துவப் பரிசோதனை 600, முதல் பத்து நாள் பாதி உற்பத்திக்கு முழுச் செலவு என்பதால் நாளைக்கு 325 வீதம் 3,250, சொல்லிக்கொடுத்தவர் நேரம் 1,500: ஆக 9,150. மாதம் 50 பேரும் இப்படிப் போனால் 4.57 லட்சம், ஸ்கிராப்பைச் சேர்க்காமலே. உங்கள் எண்களைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் ரொட்டி மெஷின், வாராந்திர முன்பணம், சூப்பர்வைசர் வகுப்பு மூன்றின் செலவையும் எழுதுங்கள். மூன்று மாத அவகாசம் கேளுங்கள். அதிக ஆள் ஓடும் இரண்டு லைன்களில் மட்டும் முதலில் செய்து, மற்ற லைன்களை அப்படியே விட்டுவைத்து ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: இந்த மாதம் சேர்ந்தவர்களில் 31-ம் நாள் காலை பஞ்ச் அடித்தவர்கள் எத்தனை பேர்.